முட்டையை முதலில் கீழே வை

ரவுண்ட் ராக், டெக்ஸஸ்
மார்ச் 14

அன்புள்ள முகிலனுக்கு,

சித்தி எழுதுகிறேன். போனில் எதைச் சொன்னாலும் "சரி சித்தி, சரி சித்தி" என்றுவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். எழுதி அனுப்பினால் இரண்டாம் முறையாவது படிப்பாய் என்ற நப்பாசையில் உட்கார்ந்திருக்கிறேன். சித்தப்பா எட்டிப் பார்த்து, "பல்லிக்கு இவ்வளவு நீளக் கடிதமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. உள்ளங்கையில் இரண்டு முட்டை. அடுத்த படத்தில் அதே முட்டைகள் வேறு பக்கம் திரும்பிக் கிடக்கின்றன. வெளிச்சம் சரியில்லை என்று உருட்டி வைத்து எடுத்தாயாக்கும்! கோழி முட்டை என்று நினைத்துக்கொண்டாயா? உறையூர் வீட்டில் அம்மாச்சி அடை வைத்தபோது கோழி தன் முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டி விடும், நீ கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பாய். கோழிக்கு அது சரி. அந்த முட்டைக்குள் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் முறுக்கு நூல் மாதிரி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, எப்படித் திருப்பினாலும் கரு மேலே வந்துவிடும். பல்லி முட்டையில் அந்த நூல் கிடையாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேல்பக்கத்து ஓட்டின் உட்தோலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு தலைகீழாகப் புரட்டினால் மஞ்சள் கருவின் பாரம் முழுவதும் அந்தத் துளி உயிரின் மேல் உட்காரும். உள்ளே என்ன ஆயிற்று என்றுகூட வெளியிலிருந்து தெரியாது.

பயப்படாதே. சாயங்காலம் இட்டது, ராத்திரி எடுத்தேன் என்று சொன்னாய். அந்தச் சில மணி நேரத்துக்குள் புரண்டிருந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. இப்போது எப்படி இருக்கிறதோ அதுதான் மேல்பக்கம். மெல்லிய பென்சிலால் உச்சியில் ஒரு சின்னப் புள்ளி வை, தேதியும் எழுது. பேனா வேண்டாம், அந்த ஓடு எதையும் உறிஞ்சும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி இடும் முட்டைக்குச் சுண்ணாம்பு ஓடு. காலண்டருக்குப் பின்னால் பல்லி மிட்டாய் மாதிரி ஒட்டிக்கிடக்கும், நகம் பட்டால் உடையும். உன் லெபர்ட் கெக்கோவின் முட்டை அப்படியில்லை. ஈரத்தோல் மாதிரி வளையும் ஓடு, உடையாது. ஆனால் அமுங்கும், காயும், நனைந்தால் ஊறும். உடையாதது என்பதாலேயே எல்லோரும் அதைக் கையில் எடுத்து விளையாடுகிறார்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். சின்னப் பிளாஸ்டிக் டப்பா, மூடியில் இரண்டு மூன்று பொடித் துளை. உள்ளே வெர்மிகுலைட், அதே எடைக்குத் தண்ணீர். நூறு கிராமுக்கு நூறு கிராம், கண்ணளவு வேண்டாம், தராசில் போடு. கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. விரலால் குழி பண்ணி முட்டையைப் பாதி புதையும்படி வை. முட்டை தண்ணீரை இழுத்துக்கொண்டு நாளாக ஆகப் பெருக்கும், அதுதான் அது உயிரோடிருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம். நடுவில் ஓடு குழிந்தால் ஈரம் போதவில்லை. அப்போது ஓரமாக வெர்மிகுலைட்டில் சில சொட்டு விடு, முட்டையின் தலையில் அபிஷேகம் பண்ணாதே.

இன்குபேட்டரைப் பற்றி நீ கேட்டது: ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் போதாதா என்று. போதாது. மினியாபொலிஸில் ராத்திரி ஒரு சூடு, பகலில் ஒரு சூடு. தெர்மோஸ்டாட்டை வாங்கு, தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வாங்கி அது சொல்வது நிஜமா என்று பார். முட்டை குளிர்ச்சியைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும், சூட்டைப் பொறுக்காது. 2021 பிப்ரவரிப் புயலில் எங்கள் பக்கம் கரண்டே இல்லாமல் கிடந்தபோது முட்டை டப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டு பாட்டிலில் நிரப்பி மாற்றி மாற்றிச் சுற்றி வைத்தேன். சித்தப்பா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "எனக்கு ஒரு பாட்டில் கிடையாதா?" என்றார். அதில் பொரிந்தவன்தான் குளிரன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறான், மகா கோபக்காரன்.

சூடு எத்தனை வைப்பது என்பது வெறும் பொரிக்கிற விஷயம் இல்லை, முகிலா. இந்தப் பல்லிக்கு ஆண், பெண் என்பதையே முட்டை கிடக்கும் சூடுதான் முடிவு செய்கிறது. இங்கே ஆஸ்டினில் டேவிட் க்ரூஸ் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் பல வருஷம் இதே ஜாதியை வைத்துத்தான் இதைப் படித்தார்கள். 79, 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய எல்லாம் பெண். 90-ஐ ஒட்டினால் பெரும்பாலும் ஆண். இன்னும் மேலே 94-க்குப் போனால் மறுபடியும் பெண், ஆனால் அவை முரட்டுப் பெண்கள், முட்டையிடுவதும் சந்தேகம். முதல் சில வாரத்துச் சூடுதான் கணக்கு. நீ 80-லேயே வை. ஆண்களை ஒன்றோடொன்று போட முடியாது, கடித்துக் குதறும். உன் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஆண் குஞ்சுகளுக்கு ஆளுக்கொரு அறை எங்கே போய்த் தேடுவாய்? 80-ல் வைத்தால் இரண்டு மாதம் போல ஆகும், பொறு.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை விற்பவர்கள் வெளியே பேசுவதில்லை. சூடாக வைத்த முட்டையிலிருந்து வரும் குஞ்சு வெளுப்பாக, பளிச்சென்று இருக்கும். குறைந்த சூட்டில் வைத்தது கறுப்புத் தூக்கலாக இருக்கும். அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்ததுதான். அந்தப் பளிச்சு அதன் பிள்ளைக்குப் போகாது. ஆகவே யாராவது ஒரு குஞ்சைக் காட்டி "என்ன நிறம் பார்" என்றால், எத்தனை டிகிரியில் பொரித்தீர்கள் என்று கேள். பதில் சொல்லத் தடுமாறினால் பர்ஸை மூடு.

ஒரு வாரம் கழித்து, விளக்கை அணைத்துவிட்டு, முட்டையை எடுக்காமல் அது இருக்கிற இடத்திலேயே சின்ன எல்.இ.டி. டார்ச்சை ஓட்டோடு சேர்த்துப் பிடி. இளஞ்சிவப்பும் நூல் நூலாக ரத்தக்குழாயும் தெரிந்தால் கரு பிடித்திருக்கிறது. வெறும் மஞ்சளாக இருந்தால் கூமுட்டை. அம்மாச்சி விரலை வளைத்து முட்டையைப் பிடித்து வெயிலில் காட்டிப் பார்ப்பாளே, அதே வித்தைதான். மஞ்சளாகத் தெரிந்தாலும் உடனே வீசிவிடாதே, இன்னும் ஒரு வாரம் விட்டுப் பார். கெட்டது தானே சுருங்கிப் பூசணம் பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.

சரி, நீ இன்னும் ஆணையே உன் பெண் பல்லியோடு சேர்க்கவில்லை, முட்டை எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டாய். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, உன்னிடம் விற்றவர் அவளை எந்த ஆணோடோ போட்டு வைத்திருக்கிறார். ஒரு தடவை சேர்ந்தால் அந்தப் பருவம் முழுவதற்குமான விந்தணுவை அவள் உள்ளேயே சேமித்து வைத்துக்கொள்வாள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரண்டிரண்டாக இன்னும் வரும். எந்த நிறம் வரும் என்று கேட்டால் எனக்கென்ன தெரியும்? அப்பன் யாரென்றே தெரியாதே. அவள் மேக் ஸ்னோ என்ற நிற வகை என்பதால் பாதிக் குஞ்சுகள் அவளைப் போல வெளுப்பும் கறுப்புமாக வரலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எனக்கு அதைவிடக் கவலை அவள் எடை. 41 கிராம் என்றாய். படத்தில் வாலும் ஒட்டித்தான் கிடக்கிறது. வால்தான் அவளுடைய களஞ்சியம், கொழுப்பெல்லாம் அங்கேதான் சேரும். முட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அப்புறம் தாடை இளகும், கால் வளையும், முட்டை வெளியே வராமல் உள்ளேயே தங்கிப்போகும். கரப்பான், சிள்வண்டு எது கொடுத்தாலும் வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் பொடியில் புரட்டிக் கொடு, கூண்டு ஓரத்தில் ஒரு பாட்டில் மூடியில் வெறும் கால்சியம் எப்போதும் இருக்கட்டும். 50 கிராமைத் தாண்டாமல் உன் ஆணை அவள் பக்கம் விடவே கூடாது. இந்த வருஷம் வேண்டாம் என்பதுதான் என் யோசனை. நீ கேட்கமாட்டாய், தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி நிற விஷயம். பெல் அல்பினோ பெண் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, உன்னிடம் இருக்கும் ட்ரெம்பர் அல்பினோ ஆணோடு சேர்த்தால் எல்லாம் அல்பினோவாக வரும் என்று எழுதியிருந்தாய். வராது, ஒன்றுகூட வராது. அல்பினோ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் மூன்று தனித்தனி வம்சம். ட்ரெம்பர் இங்கே டெக்ஸஸில் 90-களில் வந்தது, ரெயின்வாட்டர் லாஸ் வேகஸ், பெல் ஃப்ளோரிடா. ஒவ்வொன்றிலும் கெட்டுப்போன மரபணு வேறு. ஒன்றில் இல்லாததை மற்றது கொடுத்துவிடும். பிறக்கிற குஞ்செல்லாம் சாதாரண மஞ்சளும் புள்ளியுமாக இருக்கும், உள்ளுக்குள் இரண்டு அல்பினோவையும் ஒளித்து வைத்திருக்கும். அதை யாராவது வாங்கி, அதன் பிள்ளைகளில் ஒரு அல்பினோ வந்தால் அது ட்ரெம்பரா பெல்லா என்று யாராலும் சுலபமாகச் சொல்ல முடியாது. ஒரு வம்சக் கணக்கையே குழப்பிவிட்ட புண்ணியம் உனக்கு வரும்.

கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மேக் ஸ்னோவைச் சேர்த்தால் நாலில் ஒன்று சூப்பர் ஸ்னோ என்பது சரிதான். அதற்காக நான்கு முட்டைக்கு ஒன்று என்று வரிசையில் நின்று வராது. ஒவ்வொரு முட்டைக்கும் அந்த நாலில் ஒன்று தனித்தனி. எட்டு முட்டையிலும் வராமல் போகலாம். நீ எக்ஸெல் ஷீட்டில் விலைப்பட்டியல் போட்டு அனுப்பியிருந்தாயே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லெமன் ஃப்ராஸ்ட் பற்றி எழுதியிருந்ததற்கு மட்டும் சிரிக்க முடியவில்லை. எலுமிச்சை மஞ்சளும் பனி வெள்ளையும், கண் கூசுகிற பளபளப்பு. எனக்கும் முதலில் பார்த்தபோது ஆசை வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள். மிஸ்டர் ஃப்ராஸ்டி என்று செல்லப் பெயர் வைத்த ஒரே ஒரு ஆண், அதன் வம்சம்தான் அத்தனையும். வளர்க்க வளர்க்கத் தோலில் வெள்ளைக் கட்டிகள். லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ.-வில் லாங்ஹுவா குவோ, லியோனிட் க்ருக்லியாக் என்பவர்கள் ஆராய்ந்து 2021-ல் எழுதினார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்தக் கட்டி வருகிறது. ஒளியைத் திருப்பி அடித்து வெள்ளையாகக் காட்டுகிற செல்கள் தோலில் இருக்கின்றன அல்லவா, அவை கட்டுமீறிப் பெருகுவதுதான் அந்தப் பளபளப்பு. அவையேதான் கட்டியும். ஸ்பின்ட்1 என்ற மரபணுவை அவர்கள் சந்தேகிக்கிறார்கள், மனிதருக்கு வரும் ஒரு தோல் புற்றுநோயோடும் அதற்குத் தொடர்பு உண்டு. அந்த வம்சத்தைப் பெருக்கிய வளர்ப்பாளர் ஸ்டீவ் சைக்ஸின் பெயரே அந்த ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அவர் மேல் எனக்கு அதனாலேயே மதிப்பு. "நல்ல லைனிலிருந்து வாங்கினால் கட்டி வராது" என்று உன்னிடம் ஒருவர் சொன்னாராம். நிறமே நோயாக இருக்கும்போது நல்ல லைன் என்று எது இருக்கும், நீயே சொல்.

எனிக்மா என்ற நிற வகையும் வேண்டாம். சுற்றிச் சுற்றி வரும், தலை ஒருபக்கம் சாயும், பூச்சியைக் கொத்தப் போய்க் காற்றைக் கொத்தும். பார்க்கச் சகிக்காது.

நீ என்னிடம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது முட்டையை எப்படிக் கையாள்வது என்று. உண்மையில் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். வம்சத்து நிறம், நோய், நோவு எல்லாம் ஜோடி சேர்க்கிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. உன் சாமர்த்தியம், படிப்பு, தராசு, எக்ஸெல் ஷீட் எல்லாவற்றையும் அந்த நாளுக்கு முன்னால் செலவழி.

காசு பற்றியும் பேசிவிடுகிறேன். ஒரு காலத்தில் புது நிறத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தார்கள். அது புதிதாக இருந்தபோது. எல்லோரும் பெருக்கியபிறகு விலை விழுந்துவிட்டது. ஒரு பெண் பருவத்துக்கு எட்டு முறை இட்டால் பதினாறு குஞ்சு. ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, தனிச் சூடு, தனித் தீனி. வீட்டில் பதினைந்து இருபது வருஷம் வாழும் பிராணி அது. பதினாறுக்கும் நல்ல இடம் கிடைக்குமா என்று யோசித்துவிட்டுச் சேர். அதோடு, உன் விசாவில் இதைத் தொழிலாகச் செய்யலாமா? வக்கீலைக் கேட்காமல் யாரிடமும் ஒரு டாலர் வாங்காதே. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறேன் என்று நீ எழுதிய அந்த ஒரு வரியை நான் சித்தப்பாவிடம் காட்டவில்லை.

உன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டேன், கோபப்படாதே. மே மாதம் அங்கே வந்து இறங்கி, உன் அலமாரியைத் திறந்து, கரப்பான் டப்பாவைப் பார்த்து மயங்கி விழுவதைவிட இப்போதே தெரிவது நல்லது. முதலில் ஐயோ ஐயோ என்றாள். "பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன் தெரியுமாடி, காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தால்தான் தோஷம் போகும், அமெரிக்காவில் எங்கே போவது?" என்று ஆரம்பித்தாள். அக்கா, இதற்குக் காலில் ஒட்டும் மெத்தையே கிடையாது, சுவர் ஏறத் தெரியாது, ஏறாதது எங்கிருந்து விழும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கண் சிமிட்டுமாமே?" என்றாள். கண்ணுக்கு இமை உண்டு, சிமிட்டும், சிரிப்பது மாதிரிகூட இருக்கும் என்று சொன்னேன். அமெரிக்கப் பல்லி என்று நீ சொல்லியிருக்கிறாய் போல. அதையும் திருத்திவிட்டேன். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு ஓரம், இதுதான் அதன் ஊர். 1854-ல் அதை எழுதிவைத்த எட்வர்ட் பிளைத் கல்கத்தாவில் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நம்மைப் போல அதுவும் பிழைக்க வந்ததுதான் என்றேன். அதற்குச் சிரித்தாள்.

கடைசியில் அவள் கேட்டது பல்லியைப் பற்றி இல்லை. "சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லாமல்தான் இதையெல்லாம் வளர்க்கிறானா?" என்றாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. நான் வளர்க்க ஆரம்பித்ததும் இந்த ஊருக்கு வந்த புதிதில், சித்தப்பா ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்தபோதுதான். அதனால் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வாரம் ஒரு தடவை அக்கா போன் பண்ணுவாள், நான் எடுப்பேன். நீ எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது எடு. வேலையில் என்ன தொல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டாம் என்றால் என்னிடம் சொல், ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

முட்டை நல்லபடியாக இருந்தால் அம்மா வருகிற சமயம்தான் பொரியும். முதலில் ஓட்டில் வியர்வை துளிர்க்கும், குழிந்து சுருங்கும். அதைப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று தண்ணீர் தெளித்துவிடாதே, அதுதான் நேரம். மூக்கு நுனியில் இரண்டு சின்னப் பல் இருக்கும், அவற்றால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே படுத்திருக்கும். மிச்ச மஞ்சள் கருவை உள்ளே இழுத்துக்கொள்கிறது, பாவம் என்று இழுத்து வெளியே போடாதே. முதல் சட்டை உரிக்கும் வரை தீனியும் வேண்டாம்.

தெர்மோஸ்டாட் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன். கூடவே எவர்சில்வர் டிபன் டப்பாவில் பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் வரும். டப்பாவை முட்டைக்கு வைத்துவிடாதே, எனக்குத் திரும்ப வேண்டும். சனிக்கிழமை உன் பெண் பல்லியைத் தராசில் வைத்து எடை என்னவென்று எழுது. பெல் அல்பினோக்காரரிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தி